உழவன் ரயிலில் நைனா

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் உண்ணும் ஏதேனும் ஒரு பொருள் எங்கே விளைகிறது, எந்த வழியாகத் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பதை இயன்றவரை நேரில் பார்த்து, படம் வரைந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அவள் சோற்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, எளிதான பொருள் என்று நினைத்திருப்பாள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வயல் என்பது, கும்மிடிப்பூண்டி ரயிலில் மீஞ்சூரைத் தாண்டிய பிறகு சன்னலுக்கு வெளியே சிறிது நேரம் ஓடி மறையும் பச்சை, அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் இந்திய உணவுக் கழகம் அமைத்திருக்கும் உணவு அருங்காட்சியகத்தைப் பற்றி முன்பே படித்திருந்தேன். 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. பெங்களூரின் விசுவேசுவரையா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் துணையோடு உருவாக்கப்பட்டது. அங்கே போகலாம் என்று முடிவானதும், எதிர்பாராத விதமாக என் நைனாவும் வருகிறேன் என்றார். அவர் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தில் 38 ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். சபரிமலையைத் தவிர வேறு வெளியூர் எதற்கும் விருப்பத்தோடு கிளம்பி நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டதற்கு, "தஞ்சாவூர் சீட்டு போட்ட மூட்டைய எத்தினி தூக்கியிருப்பேன், ஊர கண்ணால பாத்ததில்லடா" என்றார்.

எழும்பூரில் இரவு ஏறினால் விடியும்போது தஞ்சாவூரில் இறக்கிவிடும் வண்டிக்கு உழவன் என்றே பெயர். இந்தப் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான ரயில் கிடைக்காது என்று நான் சொன்னதை இருவருமே பொருட்படுத்தவில்லை. மகள் மேல் படுக்கைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா, தலையணையாக வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு பழைய கோணியைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

தஞ்சாவூரில் அருங்காட்சியகம் என்று சொன்னால் ஆட்டோக்காரர் அரண்மனையில் கொண்டுபோய் விடுவார். எங்களையும் அப்படித்தான் விட்டார். செப்புத் திருமேனிகளைப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவே, "நெல்லு, அரிசி இருக்குமே அந்த மியூசியம்" என்று நைனா விளக்கிய பிறகுதான் வண்டி சரியான திசையில் திரும்பியது.

பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. நம் ஊரின் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தைவிடச் சிறிய இடம்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்லதே என்பது என் எண்ணம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பாதியிலேயே கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடும் என் மகள் இங்கே ஓர் இடத்தையும் விடாமல் பார்த்தாள். வேட்டையாடி அலைந்த மனிதர் நிலைத்துப் பயிர் செய்யத் தொடங்கிய கதையிலிருந்து காட்சி தொடங்குகிறது. சிறு உருவங்களால் ஆன மாதிரிக் காட்சிகள், தொடுதிரைகள், விளக்கு எரியும் வினாடி வினா என்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய கட்டாயமில்லாத இடம். பிள்ளைகள் தொட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டிருக்கிறது.

நைனா கற்காலத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டார். அவர் நின்ற இடம் தானியச் சேமிப்பு. நெல்லை அடுத்த அறுவடை வரை கெடாமல் வைத்திருப்பதற்கு மனிதர் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் பகுதி அது. களிமண்ணால் உறை உறையாக அடுக்கிய குதிர் என்னும் நெற்கூட்டையும், வீட்டுக்குள் ஓர் அறையளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மரப் பத்தாயத்தையும் பற்றி மகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே கொட்டி, கீழே உள்ள துளை வழியாகப் பழைய நெல்லை முதலில் எடுப்பார்கள். பூச்சி வராமல் இருக்க வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு வைப்பார்கள். நான் ஏட்டில் படித்ததை ஒப்பிக்கிறேன் என்பது நைனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறிது நேரம் கேட்டுவிட்டு, தான் பார்த்த சேமிப்பைச் சொல்லத் தொடங்கினார்.

கிடங்கில் மூட்டைகளைத் தரையில் நேராக அடுக்கக் கூடாது. கட்டைச் சட்டத்தின் மேல்தான் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையின் ஈரம் அடி வரிசையைத் தின்றுவிடும். சுவரை ஒட்டியும் அடுக்கக் கூடாது, ஆள் நடக்க இடம் விட வேண்டும். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றிப் பூட்டுப் போட்டது போல் அடுக்கினால்தான் அட்டி என்னும் மூட்டை அடுக்கு சரியாது. வண்டு விழுந்துவிட்டால் அட்டி முழுவதையும் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் மணல் பைகளை வைத்து அடைத்து, உள்ளே மாத்திரை போடுவார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து பாஸ்பீன் நச்சுப் புகை கிளம்பும். அந்தப் பக்கமே சில நாட்கள் யாரும் போகக் கூடாது. திறக்கும் நாளில் வரும் வாடையைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்ததும் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இத்தனையையும் அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுப் படுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவர் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

பிறகு தொடுதிரைக்குப் போனோம். மகள் தொட்டால் பக்கம் திரும்பியது, நான் தொட்டாலும் திரும்பியது, நைனா தொட்டால் திரும்பவில்லை. இரண்டு முறை, மூன்று முறை அழுத்தினார். திரையில் குற்றமில்லை, சணல் மூட்டையைப் பற்றிப் பற்றிக் காய்த்துப்போன விரல் நுனியை அந்தக் கண்ணாடி விரலாக எடுத்துக்கொள்ளவில்லை. இது எங்களுக்குப் புதிதுமில்லை. நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி வந்த நாளிலிருந்து நைனாவின் ரேகை விழுவதில்லை. பெருவிரல், சுட்டுவிரல் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து வேறு யாரையாவது அழைத்து வரச் சொல்வார்கள். பெரும்பாலும் நான்தான் போவேன். தஞ்சாவூரில் மகள் அவர் கையைப் பிடித்து, விரலின் பக்கவாட்டில் மெத்தென்று இருந்த ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திரையில் வைத்தாள். பக்கம் திரும்பியது. அடுத்த ஐந்து நிமிடம் அவர் எல்லாப் பக்கங்களையும் திருப்பினார்.

உணவுக் கழகத்தின் வரலாறு வரும் பகுதியில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் கழகம், 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. பொங்கலை ஒட்டிய நாள், நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற மாவட்டம். தலைமையகமும் முதலில் சென்னையில்தான் இருந்தது. பிறகுதான் தில்லிக்குப் போனது. இந்த அருங்காட்சியகம் வேறெந்த ஊரிலும் அமையாமல் இங்கே அமைந்ததற்குக் காரணம் அதுவே.

அந்த ஆண்டுகளை எங்கள் வீடு வேறொரு முனையிலிருந்து பார்த்திருக்கிறது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியாவுக்குக் கோதுமை வந்துகொண்டிருந்த காலத்தில், என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கூலியாக இருந்தார். சோறு தின்னும் வீட்டில் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல், ஆயா அதை உடைத்துக் கஞ்சி காய்ச்சினாளாம். 1965, 1966 என அடுத்தடுத்து மழை பொய்த்தபோது இறக்குமதி உச்சத்துக்குப் போனது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார்; தஞ்சாவூர் வயல்களிலோ ஆடுதுறை 27 என்ற புதிய குறுகிய கால நெல் அதே சமயத்தில் பரவிக்கொண்டிருந்தது. 1967 தேர்தலில் மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கி ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி வைத்தார். அந்த வரிசையில் ஆயா நின்றிருக்கிறாள். படியைத் தலை தட்டி அளக்கிறானா, கோபுரமாக அளக்கிறானா என்பதுதான் அந்த நாட்களில் தெருவின் முதன்மையான அரசியல் பேச்சு என்பாள்.

அதற்கும் முந்தைய தலைமுறையில் பட்டணம் கணிசமாகத் தின்றது பர்மா அரிசியை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. பட்டணத்தில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. பிறகு 1960களில் அங்கிருந்து துரத்தப்பட்டு வந்த நம் மக்கள், பர்மாவின் நூடுல்ஸ் உணவுகளான அத்தோவையும் மொய்ங்காவையும் வடசென்னைத் தெருவோரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று வாழைத்தண்டு சூப்பு குடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். அரிசி வந்த வழியிலேயே இருபது ஆண்டுகள் கழித்து மனிதர்களும் வந்திருக்கிறார்கள்.

கொள்முதல், சேமிப்பு, போக்குவரத்து, விநியோகம் என்பது கழகத்தின் வேலைகளை வரிசையாகச் சொல்லும்போது பயன்படும் நான்கு சொற்கள். மகள் அவற்றைத் தன் குறிப்பேட்டில் நான்கு தலைப்புகளாக எழுதிக்கொண்டாள். போக்குவரத்து என்ற சொல்லின் கீழே என்ன எழுதுவது என்று தாத்தாவைக் கேட்டாள். நைனா கணக்குச் சொன்னார். 42 வேகன்கள் கோத்த ஒரு முழுச் சரக்கு ரயிலில் ஏறக்குறைய 2,600 டன் வரும். 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 52,000 மூட்டை. குடும்ப அட்டைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,30,000 அட்டைகளுக்கு ஒரு மாத அரிசி. இந்த வகுத்தலை மகள் என் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடியும் போட்டாள். ரயில் வந்து நின்றதிலிருந்து குறித்த மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் விழும் என்பதால், நள்ளிரவில் வண்டி வந்தாலும் மேஸ்திரி ஆளனுப்பி எழுப்புவார். அந்த மேஸ்திரியின் ஆள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் ஓசை எனக்கும் நினைவிருக்கிறது. கதவைக் கையால் தட்ட மாட்டான். தகரத்தில் காசால் தட்டுவான்.

"உங்க காலத்திலயும் அம்பது கிலோவா தாத்தா?" என்றாள் மகள். முதலில் நூறு கிலோ என்றார். ஐம்பதாக மாறியது பின்னால்தான். மாறியபோது மூட்டைக்கூலியும் பாதியாகுமோ என்று எல்லாரும் பயந்தார்களாம். நூறு கிலோவைத் தூக்கியவர் அதிகம் போனால் ஐம்பத்தெட்டு கிலோ இருந்திருப்பார்.

சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயரைப் பற்றியும் அங்கேதான் பேச்சு வந்தது. கோட்டர்ஸ் என்றால் குடியிருப்பு என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது கொட்டாரம் என்ற சொல்லின் வெள்ளைக்கார உச்சரிப்பு. தானியமோ உப்போ சேர்த்து வைக்கும் இடத்துக்குக் கொட்டாரம் என்று பெயர். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு உப்புக் கொட்டாரம் என்றே சொல்லியிருந்தால் எளிதாகப் புரிந்திருக்கும்.

மாலையில் திருவையாறு சாலையில் போனோம். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி வழக்கப்படி திறந்தால், குறுவை நெல் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் களத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பின்னாலேயே வரும். அருங்காட்சியகத்தில் ஒரே சொல்லாக இருந்த கொள்முதல், இங்கே சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நெல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரம் வரைதான் எடுப்பார்கள் என்பது பொது விதி. மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வோராண்டும் கோரிக்கை எழுகிறது. தில்லியிலிருந்து குழு வந்து பார்க்கிறது. அதுவரை விவசாயி நெல்லுக்குக் காவலாக, தார்ப்பாயின் ஓரத்தில் படுத்துக் கிடக்கிறார். நைனா குனிந்து நான்கு நெல்லை எடுத்து, பல்லில் கடித்தார். நெல் நொறுங்காமல் நசுங்கியது. இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்று அந்த விவசாயியிடமே சொன்னார். அவர் சிரித்துவிட்டு, மெஷின் என்ன சொல்லுதோ அதான், ஐயா பல்லு சொன்னா எடுக்க மாட்டாங்க என்றார்.

அந்த நிலையத்துச் சுமைத் தொழிலாளிகளோடு நைனா அரை மணி நேரம் பேசினார். அங்கே 40 கிலோ மூட்டை. கழுத்து வலிக்கு என்ன தைலம் என்பதில்தான் பேச்சு பெரும்பாலும் இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம் என்று நெல் ஜெயராமன் போன்றவர்கள் மீட்டெடுத்த பாரம்பரிய வகைகளைப் பற்றி மகள் ஆர்வமாகக் கேட்டபோது, இரு தரப்பும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர்கள் தூக்குவது எல்லாம் நம்பர் நெல். ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43, சி.ஆர். 1009. பெயருள்ள நெல் மூட்டைக் கணக்கில் வருவதில்லை, கிலோ கணக்கில் பைகளில் போகிறது.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் போய், தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில் நெல் ஊறுவதையும், அவிவதையும், காய்ந்து அரைபடுவதையும் பார்த்தோம். நூறு கிலோ நெல் போட்டால் 68 கிலோ அளவுக்குப் புழுங்கலரிசி கிடைக்கும், மிச்சம் தவிடும் உமியும் என்று ஆலைக்காரர் சொன்னார். மகளின் கண் குத்தூசியின் மேல்தான் இருந்தது. மூட்டையைப் பிரிக்காமல், கூர்மையான அந்தக் குழலைக் குத்தி உருவினால் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி வந்து விழும். நைனா அதை முகர்ந்து பார்த்து, போன வருடத்து நெல் என்றார். ஆலைக்காரர் பேச்சை மாற்றினார்.

குறிப்பேட்டில் இயற்கை என்று ஒரு பக்கம் காலியாக இருந்தது. சோற்றுக்கு மீன் வேண்டாமா என்று சொல்லி, நைனாவே எங்களை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம். ஒரு பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். கீழே கழுத்தளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வலையும் படகும் கருத்துப்போன படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கரை ஏறியதும் அந்த அம்மாவிடம் மகள் எத்தனை இறால் என்று கேட்டாள். எண்ணிக் காட்டுகிற அளவில்தான் இருந்தது. முன்பெல்லாம் மடவை இங்கே துள்ளிப் படகுக்குள் விழும் என்று அவர் சொல்ல, நைனா தலையசைத்தார். அந்தப் பக்கத்தில் மகள் பறியை மட்டும் வரைந்தாள். புகைபோக்கியை வரைய இடம் போதவில்லை என்றாள்.

விடுமுறையின் கடைசி இரவில் போக்குவரத்துப் பக்கம் முடியவில்லை. ரயிலை வரைந்துவிட்டாள், வேகன் வாசலிலிருந்து பலகையில் இறங்கி வரும் ஒரு மனிதரையும், அவர் முதுகில் மூட்டையையும் வரைந்து, இடுப்பில் கொக்கி ஒன்றைச் செருகியிருந்தாள். ஏதோ படத்தில் பார்த்திருக்கிறாள். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அரிசி மூட்டைக்குக் கொக்கி போடக் கூடாது, கோணி கிழிந்து சிந்தும், மேஸ்திரி திட்டுவார், அதை அழித்துவிடு என்றார். அழித்தாள். பிறகு, வரைந்த ஆள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடப்பதைச் சுட்டிக்காட்டினார்.

"கழுத்து நேரா இருக்கணும்மா. சாய்ஞ்சா மூட்டை ஆள இழுத்துக்கினு போயிடும்."

மகள் ரப்பரை எடுத்தாள். எப்படி என்று காட்டுவதற்காக நைனா எழுந்து, சுவரோரம் கிடந்த தலையணையை முதுகில் வைத்துக்கொண்டு, கூடத்தின் குறுக்கே மெதுவாக நடந்து காட்டினார்.